நடுக்கடலில் 'மக்கர்' செய்யும் செல்போன்: காரணம் என்ன? சரி செய்வது எப்படி?

பழவேற்காடு:

பேசிக் கொண்டிருக்கும்போதே செல்போன் திடீரென ஆப் ஆகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆன் ஆகிறது. மறுபடியும் நம்பர் போட்டால் மறுபடியும் ஆப். வீட்டில் இருப்பவருக்கு இது எரிச்சல். கடலுக்குள் பைபர் படகில் இருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என ஏரியையும் கடலையும் ஒட்டிய ஊர்களில் மீன்பிடிப்புதான் பிழைப்பு.

ஏரியில் 'பாடு' முறைப்படி வலை விடுபவர் முறை வந்த நாளை தவற விட முடியாது. கடலுக்கு போகிறவர் காற்று எச்சரிக்கையை தவற விட முடியாது. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்கு செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு வரும். இறால், நண்டு விலை கேட்பது, மீன் விற்ற பணத்தை கூகுள் பே, போன் பே மூலம் வாங்குவது என்று எல்லாமே இப்போது போனில்தான் நடக்கிறது.

அந்த போனே மக்கர் செய்தால் என்ன செய்வது? எந்த கோளாறை நாமே சரி செய்யலாம்? எதற்கு கடைக்கு ஓட வேண்டும்? இதோ முழு விவரம்.

எப்போது ஆப் ஆகிறது?

போனை தூக்கிக் கொண்டு கடைக்கு ஓடும் முன், அது எந்த நேரத்தில் ஆப் ஆகிறது என்று 2 நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்து விடும்.

* சார்ஜ் 30, 40 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று ஆப் ஆகிறது. சார்ஜரில் போட்டதும் உயிர் வருகிறது. இது பேட்டரி தேய்ந்து போனதற்கான அறிகுறி.

* வெயிலில் வைத்தால், வீடியோ பார்த்தால், ஹாட்ஸ்பாட் போட்டால் மட்டும் ஆப் ஆகிறது. இது சூடு.

* சார்ஜ் போடும்போது மட்டும் ஆப், ஆன் ஆகிறது. சார்ஜர், கேபிள் அல்லது சார்ஜ் போடும் துவாரத்தில் கோளாறு.

* குறிப்பிட்ட ஒரு செயலியை திறந்தால் மட்டும் மூடிக் கொள்கிறது. போன் மீது தப்பு இல்லை. அந்த செயலி மீதுதான் சந்தேகம்.

* பாக்கெட்டில் போட்டால், லேசாக தட்டினால் ஆப் ஆகிறது. பவர் பட்டன் அமுங்கி சிக்கி இருக்கலாம். உள்ளே இணைப்பு தளர்ந்தும் இருக்கலாம்.

* கம்பெனி பெயர் திரையில் வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது. அதை தாண்டி போகவே இல்லை. இது சாப்ட்வேர் கோளாறாகவும் இருக்கலாம், உள்ளே போர்டு கோளாறாகவும் இருக்கலாம்.

பேட்டரி தேய்ந்தால்...

சைக்கிள் டயர் தேய்வது போலத்தான் பேட்டரியும். சுமார் 500 முறை முழுதாக சார்ஜ் ஏற்றி இறக்கினால் பல பேட்டரிகளின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து விடும். பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கேமரா திறப்பது, சிக்னல் தேடுவது என்று திடீரென அதிக மின்சாரம் கேட்டால் தாக்குப்பிடிக்காது. மின் அழுத்தம் சட்டென்று இறங்கும். போன் தன்னை காப்பாற்றிக் கொள்ள ஆப் ஆகி விடும்.

பெரிய கம்பெனி போனும் இதற்கு விலக்கு இல்லை. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென ஆப் ஆவதை தடுக்க, அவற்றின் வேகத்தை சாப்ட்வேர் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதால் பேட்டரி மாற்றும் கட்டணத்தை குறைத்தது.

கடலில் இந்த கோளாறு இன்னும் அதிகமாக தெரியும். கரையை விட்டு விலக விலக டவர் சிக்னல் குறையும். போன் முழு பலத்தோடு சிக்னலை தேடும். பேட்டரி வேகமாக இறங்கும். கரையில் 'நல்லாத்தானே இருந்துச்சு' என்று சொன்ன போன் கடலில் கைவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம். சிக்னலே இல்லாத இடத்தில் போனை 'பிளைட் மோடு'-ல் போட்டு வைத்தால் சார்ஜ் மிச்சம் ஆகும். ஆனால் அந்த நேரத்தில் அழைப்பும் வராது, எச்சரிக்கையும் வராது. எனவே அவ்வப்போது எடுத்து விட்டு பார்க்க வேண்டும்.

பேட்டரி மாற்றினால் போதும் என்ற நிலையில் பலர் போனையே மாற்றி விடுகிறார்கள். அது தேவையில்லாத செலவு. பல புதிய போன்களில் செட்டிங்ஸ் பகுதியில் பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று பார்க்கும் வசதி உள்ளது.

வீங்கிய பேட்டரி ஆபத்து

போனின் பின்மூடி தூக்கிக் கொண்டு நிற்கிறதா? திரை ஓரத்தில் பிளவு தெரிகிறதா? பேட்டரி வீங்கி இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆப் செய்து விட வேண்டும். சார்ஜ் போடவே கூடாது. அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திப் பார்ப்பது எல்லாம் விபரீதம். தீப்பிடிக்கும்.

2007 ஆகஸ்டில் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் போடும்போது அதிக சூடாகலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. 2016-ல் சாம்சங் கேலக்சி நோட் 7 போன்கள் தீப்பிடித்ததால் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. நல்ல கம்பெனி பேட்டரிக்கே இந்த கதி என்றால், பெயர் தெரியாத மலிவு பேட்டரியை நம்பி தலைமாட்டில் வைத்து தூங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக் கொள்ளலாம்.

வெயிலும் ஐஸ் பெட்டியும்

ஐபோன்களை 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தலாம் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் படகின் பலகை மீது வைத்த போன் இதை சுலபமாக தாண்டி விடும். என்ஜின் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். சூடு ஏறினால் போன் முதலில் மெதுவாகும். பிறகு ஆப் ஆகும்.

அப்படி சூடானால் உறையை கழற்றி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்தால் போதும். சூடு தணிய வேண்டும் என்று மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. குளிரில் இருந்து வெளியே எடுக்கும்போது போனுக்குள்ளேயே வேர்த்து, ஈரம் சேர்ந்து விடும்.

உப்புதான் முதல் எதிரி

பழவேற்காட்டில் செல்போனுக்கு வெளியூரில் இல்லாத ஒரு எதிரி உண்டு. அது உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஏரி நீரில் மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் ஏறும். நல்ல தண்ணீரை விட உப்புத் தண்ணீரில் மின்சாரம் மிக எளிதாக பாயும். போனுக்குள் போனால் போகக் கூடாத இடத்துக்கு எல்லாம் மின்சாரம் தாவும். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு தங்கி விடும். அது ஈரக்காற்றை இழுத்து, செம்புக் கம்பிகளை பச்சை பூக்க வைத்து அரிக்கும்.

இதனால்தான் தண்ணீரில் விழுந்த போன் அன்றைக்கு வேலை செய்து விட்டு, 10 நாள் கழித்து ஆப், ஆன் ஆக ஆரம்பிக்கிறது.

'ஐபி68' என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் புகாதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அந்த சோதனை நல்ல தண்ணீரில் நடத்தப்படுவது. கடல் நீருக்கு அது உத்தரவாதம் இல்லை. கீழே விழுந்த போன், ஒரு முறை பிரித்த போன் என்றால் அந்த பாதுகாப்பும் போய் விடும்.

முகத்துவாரத்தில் அலை அடித்து போன் நனைந்து விட்டால் செய்ய வேண்டியது:

1. உடனே ஆப் செய்ய வேண்டும். 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது.

2. சிம் கார்டு, மெமரி கார்டை வெளியே எடுக்க வேண்டும். பேட்டரி கழற்றும் வகை போன் என்றால் பேட்டரியையும் எடுக்க வேண்டும்.

3. வெளிப்புறத்தில் உள்ள உப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

4. எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடக் கூடாது.

5. கரை வந்த அன்றே சர்வீஸ் கடையில் கொடுத்து, போர்டை கழுவி உப்பு எடுக்கச் சொல்ல வேண்டும். நாள் தள்ளினால் அரிப்பு கூடும்.

அரிசி மூட்டைக்குள் போனை புதைத்து வைப்பது வீண் வேலை. அரிசி உப்பை எடுக்காது. அரிசித் தூள் துவாரத்துக்குள் போய் அடைக்கும். அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனம் தனது உதவி பக்கத்தில் வெளியிட்ட அறிவுரை 2024-ல் செய்தியானது. முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுவதும் தப்பு.

சார்ஜ் போடும் துவாரத்தில் மணல், நூல், உப்பு அடைத்திருந்தால், போனை ஆப் செய்து விட்டு காய்ந்த பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, ஹேர்பின் வேண்டாம். வேறு ஒரு நல்ல சார்ஜரில் போட்டுப் பார்த்தால் கோளாறு போனிலா, சார்ஜரிலா என்பது தெரிந்து விடும்.

இடம் நிறைந்தால் மூச்சு முட்டும்

பேட்டரியும் சரி, சூடும் இல்லை, தண்ணீரும் படவில்லை என்றால் அடுத்த சந்தேகம் சாப்ட்வேர் மீது.

வாட்ஸ்-அப் குரூப்களில் வரும் 'குட் மார்னிங்' படங்கள், வீடியோக்கள் தானாக இறங்கி போனை நிரப்பி விடும். போன் மூச்சு முட்டி, ஹேங் ஆகி, கடைசியில் ஆப் ஆகும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக் கொள்வது நல்லது. வாட்ஸ்-அப் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தி வைக்கலாம். பழுதான மெமரி கார்டும் போனை ஆப் செய்யும். அதை கழற்றி வைத்து ஒரு நாள் பார்க்கலாம்.

சில நேரம் நம்மிடம் எந்த தப்பும் இருக்காது. 2021 மார்ச் மாதம் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உள்பட பல செயலிகள் திறந்தவுடன் மூடிக் கொண்டன. கூகுள் வெளியிட்ட 'வெப்வியூ' என்ற ஒரு பகுதியின் அப்டேட்தான் காரணம். கூகுளே அடுத்த அப்டேட் கொடுத்து சரி செய்தது. எனவே ஒரே நாளில் ஊரில் பலருக்கும் இதே கோளாறு வந்தால் அவசரப்பட்டு போனை அழிக்க வேண்டாம். ஒரு நாள் பொறுத்து, பிளே ஸ்டோரில் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வாட்ஸ்-அப்பில் திருமண அழைப்பிதழ், டிராபிக் அபராதம், அரசு உதவித்தொகை என்ற பெயரில் வரும் 'ஏபிகே' பைல்களை தொடவே கூடாது. போன் மக்கர் ஆவதோடு, வங்கிக் கணக்கில் உள்ள பணமும் பறிபோகும். பணம் போய் விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

கீழே உள்ளதை வரிசையாக செய்து பார்க்க வேண்டும். ஒன்றில் சரியாகி விட்டால் அதோடு நிறுத்திக் கொள்ளலாம்.

முதலில், போனின் உறையை கழற்றி விட்டு பவர் பட்டன் சிக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறை அழுத்துவதாலேயே ஆப் ஆகும் போன்கள் உண்டு.

இரண்டாவது, திரை உறைந்து போனால் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10 முதல் 20 வினாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் புதிதாக ஆன் ஆகும். இதனால் எதுவும் அழியாது.

மூன்றாவது, செட்டிங்ஸில் சாப்ட்வேர் அப்டேட் இருந்தால், முழு சார்ஜ் ஏற்றி வைபையில் போட வேண்டும். அப்டேட் நடக்கும்போது பாதியில் ஆப் ஆனால் போன் முடங்கி விடும். எனவே பேட்டரி மோசமான போனில் இதை செய்யக் கூடாது.

நான்காவது, 'சேப் மோடு' சோதனை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் 'பவர் ஆப்' என்ற எழுத்தின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் 'சேப் மோடு' வரும். இதில் போனோடு வந்த செயலிகள் மட்டுமே ஓடும். நாம் ஏற்றியவை ஓடாது. இப்படி அரை நாள் ஓட்டிப் பார்த்து போன் ஆப் ஆகவில்லை என்றால், பிற்பாடு ஏற்றிய ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. கடைசியாக ஏற்றியதில் தொடங்கி ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். சேப் மோடிலும் ஆப் ஆனால் பேட்டரி அல்லது போர்டு கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கடைக்கு போவதுதான் வழி.

எல்லாவற்றையும் அழிக்கும் முன்...

'ரீசெட் பண்ணிட்டா சரியாயிடும்' என்று பலரும் சொல்வார்கள். ரீசெட் என்பது கடைசி மருந்து. போட்டோ, நம்பர், மெசேஜ் எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டு விடும். பேட்டரி கோளாறு, உப்பு அரிப்பு ஆகியவற்றுக்கு ரீசெட் செய்து ஒரு பயனும் இல்லை.

இதில் பலர் மாட்டிக் கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. போன் வாங்கிய கடையிலேயே ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து கொடுத்திருப்பார்கள். அதன் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. வேறு வழி இல்லாமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் ஆன் ஆனதும் பழைய கூகுள் கணக்கை கேட்கும். திருட்டு போனை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் சொந்த போனே பூட்டிக் கொள்ளும்.

எனவே ரீசெட் செய்யும் முன் ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். நம்பர்களை கூகுள் கணக்கில் சேமிக்க வேண்டும். வாட்ஸ்-அப் பேக்கப் எடுக்க வேண்டும். முக்கியமான 10 நம்பர்களை நோட்டில் எழுதி வைப்பது எந்த காலத்திலும் கை கொடுக்கும்.

கடையில் ஏமாறாமல் இருக்க

* சிம் கார்டு, மெமரி கார்டை எடுத்து விட்டு போனை கொடுக்க வேண்டும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை குறித்து வைக்க வேண்டும்.

* யுபிஐ ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. போனை சரி பார்க்க அது தேவையே இல்லை.

* தண்ணீரில் விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல போன்களுக்குள் இருக்கும் சிறிய ஸ்டிக்கர் ஈரம் பட்டால் நிறம் மாறி காட்டிக் கொடுத்து விடும். பொதுவாக தண்ணீர் பட்ட போனுக்கு வாரண்டி கிடைக்காது.

* வாரண்டி உள்ள போனை வெளிக்கடையில் பிரிக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும்.

* மாற்றிய பேட்டரிக்கு பில் கேட்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் காட்டச் சொல்லலாம்.

வாரண்டி இருந்தும் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம்.

பணம் பாதியில் நின்றால்

மீன் விற்ற பணம் வரும்போது வாங்குபவரின் போன் பாதியில் ஆப் ஆகி விடுவது உண்டு. 'மறுபடி போடுங்க' என்று உடனே கேட்கக் கூடாது. முதலில் வங்கிக் கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் அனுப்பியவரின் கணக்கில் பிடித்து, எதிர்தரப்புக்கு போய் சேராவிட்டால் தானாக திரும்பி விடும். நபருக்கு நபர் அனுப்பும் யுபிஐ பணத்துக்கு மறுநாளும், கடைகளுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 நாளும் ரிசர்வ் வங்கி 2019-ல் கெடு விதித்துள்ளது.

கடலில் போனை மட்டும் நம்பாதீங்க

எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் டவர் எட்டாத இடத்தில் பேச முடியாது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய் சேரவில்லை. கரைக்கு திரும்பாமல் போனவர்கள் ஏராளம்.

அந்த சோகத்துக்கு பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற சிறு கருவியை 2019-ல் மத்திய அரசு அறிமுகம் செய்தது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் தரும் புயல், அலை, மீன்வள தகவல் டவர் இல்லாத இடத்திலும் அதில் வரும். ஆனால் அந்த தகவலை படித்துக் காட்டுவது செல்போன் திரைதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியும் அப்படித்தான். போன் செத்துப் போனால் இவை இருந்தும் பயன் இல்லை.

எனவே ஆப், ஆன் ஆகும் போனை சரி செய்யாமல், 'இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்' என்று கடலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சரி செய்யும் வரை ஊரில் யாரிடமாவது நல்ல போன் வாங்கிக் கொண்டு போகலாம். இல்லாவிட்டால் நல்ல போன் வைத்திருப்பவரோடு சேர்ந்து போகலாம்.

படகு ஏறும் முன் பார்க்க வேண்டியவை

1. சார்ஜ் முழுதாக இருக்கிறதா? ஒரு அழைப்பு பேசி, கேமராவை திறந்து பார்த்தும் ஆப் ஆகாமல் நிற்கிறதா?

2. போன் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் இருக்கிறதா? புதுப் பை என்றால் உள்ளே காகிதம் வைத்து வாளி தண்ணீரில் அமுக்கி சோதித்த பிறகே போனை வைக்க வேண்டும்.

3. கூட ஒரு பட்டன் போன், பவர் பேங்க் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பையில் இருக்க வேண்டும்.

4. எந்த பக்கம் போகிறோம், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாச்சா? போன் போனாலும் தேட ஒரு வழி இருக்கும்.

5. அவசர எண்கள் மனப்பாடமா? கடலோர காவல் படை 1554. கடலோர பாதுகாப்பு குழும போலீஸ் 1093. எந்த அவசரத்துக்கும் 112.

இந்த 3 எண்களையும் படகின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வைத்து விடுங்க. போனில் மட்டும் சேமித்து வைத்த நம்பர், போன் ஆப் ஆனால் கூடவே போய் விடும். பலகையில் எழுதியது போகாது.